புறணி: கருமூளையும் சில வாசிப்புகளும்

எங்கள் பக்கத்தில் புறணி என்றால் கோள். ‘பொறணி பேசாதடா’ என்பது பழங்காநத்தத்தில் எந்தத் தெருத் திண்ணையிலும் விழும் பேச்சு. அங்கே இல்லாதவனைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் பேசுவது. அகராதியைப் புரட்டினால் இதே சொல்லுக்கு மரப்பட்டை, தோல், புறத்தே இருப்பது என்றெல்லாம் பொருள் கிடைக்கிறது. பாடநூல்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துத்தான் ‘பெருமூளைப் புறணி’ ஆக்கினார்கள். ஐரோப்பியர் கையாளும் ‘கார்டெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லும் மரப்பட்டைதான் என்பதால் மொழிபெயர்ப்பில் பழுது சொல்ல முடியாது. இருந்தும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிறகு யாரும் அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. கோள் பொருளில் மட்டும் அது உயிரோடிருக்கிறது.

தாயின் வயிற்றுக்குள் இந்தப் புறணி உருவாகும் விதம் எப்படி ஒரு பார்வைப் பொருளாக ஆயிற்று, யார் பார்த்தார்கள், எந்த மொழியில் எழுதினார்கள், யாருடைய உடலை வைத்துப் பார்த்தார்கள் என்பதன் வரலாற்றைச் சற்றே தோண்டிப் பார்க்க முயல்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல் இருக்கும் இடத்தில் எல்லாம் எங்களுக்கு வேலை உண்டு.

*

கருவைப் பற்றிய பேச்சு என்று எடுத்தால் மதுரைக்காரன் மாணிக்கவாசகரைத் தாண்டிப் போக முடியாது. மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர், பாண்டியனின் அமைச்சர். ஒன்பதாம் நூற்றாண்டு என்பது பலர் கொள்ளும் கணக்கு. போற்றித் திருவகவலில் அவர் யானையிலிருந்து எறும்புவரை பிறவிகளைக் கடந்து மனிதக் கருப்பைக்கு வந்து, முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம்வரை எண்ணிச் செல்கிறார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் ‘கர்ப்பக் கிரியை’ என்று ஒரு பகுதியே இருக்கிறது.

இந்தப் பிரதிகளை இரண்டு விதமாகத்தான் நம்மவர்கள் வாசித்து வந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், வெள்ளைக்காரன் பிறகு கண்டுபிடித்தான் என்பது ஒன்று. பக்திக் குப்பை, இதில் அறிவியல் ஏது என்பது மற்றொன்று. இரண்டுமே மேலை அறிவியலை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன; ஒன்று தேர்ச்சி போடுகிறது, மற்றது பெயில் போடுகிறது. பிரதி என்ன செய்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. மாணிக்கவாசகர் உறுப்புகளை எண்ணவில்லை. ஆபத்துகளை எண்ணுகிறார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆபத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ‘பிழைத்தல்’. அந்த வினைச்சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நான்காம் மாதத்தில் பேரிருளிலிருந்து பிழைக்கிறது கரு. பத்தாம் மாதத்துக்கு வரும்போது துயரம் கருவுக்கு மட்டுமானதாக இல்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து படும் துக்கமாக அது சொல்லப்படுகிறது. தாய் அங்கே இருக்கிறாள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், ஏனென்றால் அடுத்த ஆயிரம் வருஷத்தில் அவள் படிப்படியாகக் காணாமல் போகப்போகிறாள்.

மூளை இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. தொல்காப்பிய மரபியல் ஆறாவது அறிவாக மனத்தைச் சொல்கிறதே தவிர அதற்கு மண்டைக்குள் வீடு ஒதுக்கவில்லை. நம் மரபில் அறிவு நெஞ்சிலும் உள்ளத்திலும் உலவியது. மூளை கறிக்கடையில் கிடந்தது. (ஆட்டு மூளையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு மடிப்பு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. மடிப்பு கூடினால் புத்தி கூடும் என்று ஒரு பேச்சு உண்டு; அப்படியானால் நம்மைவிட மடிப்பு மிகுந்த டால்பின்தான் பல்கலைக்கழகம் நடத்த வேண்டும்.)

*

தமிழில் மூளை உடற்கூற்றுப் பொருளாக அச்சேறியது யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-ல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் பார்த்துக்கொண்டே மருத்துவமும் கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த நூல்களின் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதே ஒரு சுகம்: 1857-ல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’, அதே காலத்தில் ‘பிரசவ வைத்தியம்’, 1867-ல் ‘இரண வைத்தியம்’, 1872-ல் கிரே முதலானோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’, பிறகு டால்டனின் உடலியலான ‘மனுஷ சுகரணம்’. 1864-லிருந்து மருத்துவ வகுப்பையே தமிழில் நடத்தினார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்ப்பது என்று வரிசை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்.

கிறீனைக் கொண்டாடும் தமிழன்பர்கள் அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை மெதுவாகக் கடந்துவிடுகிறார்கள். மதமாற்ற எதிர்ப்பாளர்கள் அவருடைய நாலாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவத்தைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கொழும்பில் 1870-ல் அரசு மருத்துவப் பள்ளி தொடங்கியது, ஆங்கிலத்தில். அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றானபோது தமிழில் படித்த வைத்தியன் எங்கே போவான்? தமிழில் மருத்துவம் சொல்ல முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சம்பளம் வேறு பக்கம் இருந்தது. அவ்வளவுதான். மொழியின் போதாமை குறித்த நம் சொல்லாடல்கள் பலவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு சம்பளப் பட்டியல் கிடக்கும்.

*

கிறீன் தமிழில் அச்சடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஐரோப்பாவில் கரு மேசைக்கு வந்தது. வில்ஹெல்ம் ஹிஸ் 1880-க்கும் 1885-க்கும் இடையில் மனிதக் கருக்களின் உடற்கூற்றை வெளியிட்டார். சீவி, படம் வரைந்து, மெழுகில் முப்பரிமாணத்தில் மீண்டும் கட்டியவர். அவரிடம் படித்த அமெரிக்கர் ஃபிராங்க்ளின் மால், 1887-ல் கையில் கிடைத்த ஒரு கருவிலிருந்து சேகரிப்பைத் தொடங்கினார். அது 1914-ல் பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையாக வளர்ந்தது. முதல் எட்டு வாரங்களை 23 கட்டங்களாகப் பிரித்து இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். கருச்சிதைவு, அறுவை, பிரேதப் பரிசோதனை எனப் பல வழிகளில் மருத்துவர்கள் அனுப்பிவைத்த ஆயிரக்கணக்கான கருக்கள். பெண்களிடம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. கருவுக்கு எண் கிடைத்தது. லின் மார்கன் என்ற மானிடவியலாளர் 2009-ல் இந்தச் சேகரிப்பின் கதையை ஒரு நூலாகவே எழுதினார்.

ஃபூக்கோ ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் பிணத்தைத் திறந்ததால் நோய் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய வரலாற்றைச் சொல்கிறார். கருவின் விஷயத்தில் இது இன்னும் விபரீதமாகிறது. உயிரின் தொடக்கம் என்று நமக்குக் காட்டப்படும் படம் பெரும்பாலும் இறந்த ஒன்றின் படம். 1965 ஏப்ரல் 30-ம் தேதியிட்ட ‘லைஃப்’ இதழின் அட்டையில் லென்னார்ட் நில்சன் எடுத்த, விண்வெளி வீரனைப்போல மிதக்கும் 18 வாரக் கருவை உலகமே பார்த்தது. அது அறுவையால் வெளியே எடுக்கப்பட்ட கரு. சுற்றிலும் கருப்பு வெளி, தாய் இல்லை. மாணிக்கவாசகரின் பேரிருள் தாயின் வயிறாக இருந்தது. நில்சனின் இருள் ஸ்டூடியோத் திரை.

நாங்கள் பையன்களாக இருந்தபோது தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் ஓர் அரங்கில் குடுவைக்குள் வரிசையாகச் சிசுக்களை வைத்திருப்பார்கள். ராட்டினத்துக்கு நிற்கிற கூட்டம் அங்கேயும் நிற்கும். கையில் டெல்லி அப்பளம். குடுவைக்குள் இருப்பது யார் பெற்றது என்று அங்கே கேட்டவர்கள் எவரும் என் நினைவில் இல்லை.

*

சரி, அந்த மேசையில் என்ன தெரிந்தது? இந்த இடத்தில் வேகமாகப் போக எனக்கு மனமில்லை; ஏனென்றால் விஷயம் அவ்வளவு அழகானது.

கரு தரித்து நாலு வாரத்துக்குள் நரம்புக்குழல் மூடிவிடுகிறது. தான் உண்டாகியிருக்கிறோம் என்று பல பெண்களுக்குத் தெரியுமுன்னே. அந்தக் குழலின் முன்பக்கம் உப்பி, ஏழெட்டு வாரத்தில் புறணித் தட்டு என்று சொல்லத்தக்க ஒன்று தென்படுகிறது. நரம்பணுக்கள் புறணியில் பிறப்பதில்லை. உள்ளே, நீர் நிறைந்த மூளை அறைகளின் சுவரையொட்டிப் பிறந்து, வெளிப்புறம் நோக்கி இடம்பெயர்கின்றன. கஹால், ரெட்சியஸ் போன்றவர்கள் 1890-களில் வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்து, மேற்பரப்புக்கடியில் படுத்திருக்கும் விநோதமான செல்களை வரைந்தார்கள். அவை என்ன வேலை செய்கின்றன என்பது நூறு வருஷம் புதிராக இருந்தது.

1961-ல் ஆஞ்ஜெவினும் சிட்மனும் எலிக் கருவில் கதிரியக்க அடையாளமிட்டு ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். முதலில் பிறந்த அணுக்கள் ஆழத்தில் தங்குகின்றன. பின்னால் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகின்றன. பழங்காநத்தம் பேருந்து நிலையம் (மாட்டுத்தாவணி 1999-ல் வருமுன் திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்ஸெல்லாம் இங்கிருந்துதான்) பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. முதலில் ஏறியவர் படிக்கட்டுப் பக்கமே சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொள்வார். பிந்தி வருகிறவர்தான் இடித்துப் புடைத்துக்கொண்டு அவரைக் கடந்து உள்ளே போக வேண்டும். ஆறடுக்குப் புறணி அப்படித்தான் நிரம்புகிறது. 1972-ல் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருவில் இன்னொன்றைக் கண்டார்: உள் சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை நீளும் ஆரக் கிளியா என்ற நார்களைப் பிடித்துக்கொண்டு நரம்பணுக்கள் ஏறுகின்றன, கயிறு பிடித்துக் கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி. அந்த நார்ச் செல்களே நரம்பணுக்களை ஈனவும் செய்கின்றன என்பது 2001-ல் தெரியவந்தது. தாங்குகிற கயிறே தாயும். கஹாலின் புதிர்ச் செல்கள்? 1951-ல் விவரிக்கப்பட்ட தள்ளாடும் எலி ஒன்றின் மரபணுவை 1995-ல் கண்டுபிடித்தபோது விடை வந்தது. அந்தச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்து, ஏறி வருகிறவற்றின் வரிசையை ஒழுங்குபடுத்துகின்றன. அது இல்லாத எலிக்கு அடுக்கு தலைகீழாகிவிடும், நடை தள்ளாடும்.

எனக்குப் பிடித்தது 1974-ல் கொஸ்தோவிச்சும் மொலிவரும் மனிதக் கருவில் அடையாளம் காட்டிய படலம். புறணித் தட்டுக்குக் கீழே கிடக்கும் இது, ஆறு ஏழு மாதக் கருவில் தட்டைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கிறது. உள்ளிருந்து வரும் நரம்பிழைகள் இங்கே வந்து காத்திருந்து, தங்கள் இடம் தயாரானதும் மேலே போகின்றன. பிறந்தபின் இந்தப் படலம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கட்டடம் எழும்பியதும் அவிழ்த்துவிடும் சாரம்! குரங்குக்கும் உண்டு, ஆனால் மனிதனில்தான் இவ்வளவு பெரிது. நாம் எது என்று காட்டுவது நம்மில் மிச்சமில்லாமல் போன ஒன்று என்றால், மூலம், சாரம் என்று தேடித் திரியும் தத்துவங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

மேற்பரப்போ வெகுநாள் வழவழவென்றே கிடக்கிறது. 14 வாரத்துக்கு மேல் பக்கவாட்டில் ஒரு பள்ளம். 24 வாரத்தையொட்டி நடுப்பிளவு. ஏழு எட்டு மாதத்தில்தான் நாம் அறிந்த மூளையின் முகம்.

*

இது ஏதோ உலகத்திலிருந்து பூட்டப்பட்ட அறைக்குள் நடக்கிற காரியம் என்ற எண்ணம் பொய். ஹிரோஷிமா, நாகசாகியில் 1945 ஆகஸ்டில் வயிற்றிலிருந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓட்டாகேயும் ஷூலும் 1984-ல் சொன்னார்கள்: கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு மிகுதியாகக் கண்டது, அன்றைய தேதியில் 8-லிருந்து 15 வாரத்துக்குள் இருந்தவர்களிடம். அணுக்கள் பெருகி ஏறிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. குண்டு விழுந்த தேதி புறணியில் பதிந்திருக்கிறது.

1944–45-ல் ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தை மறித்ததால் நெதர்லாந்தில் பஞ்சம். அப்போது கருவிலிருந்த ஆண்களை, பத்தொன்பது வயதில் ராணுவத்துக்கு எடுத்த சோதனைப் பதிவேடுகளைக் கொண்டு ஸ்டைனும் சஸ்ஸரும் ஆராய்ந்தார்கள். அறிவுத்தேர்வில் வித்தியாசம் இல்லை. ஆனால் பின்வந்த ஆய்வுகள், பஞ்சத்தின் உச்சத்தில் கருத்தரித்தவர்களிடம் மனச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காட்டின. இந்த ஆய்வு சாத்தியமானதற்குக் காரணம் அந்த அரசு தன் குடிமக்களின் பிறந்த தேதியையும் தாய்க்குக் கிடைத்த ரேஷனையும் எழுதி வைத்திருந்தது.

நமக்கும் ஒரு பஞ்சம் இருந்தது. 1876–78, தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமைக் கிழவிகள் நூறு வருஷம் கழித்தும் அதை வைத்துத்தான் வயசைச் சொன்னார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர் தரிக்கப் போதாது என்று சண்டை போட்டார். உழைக்கும் உடம்புக்கு எத்தனை அவுன்ஸ் என்பதே வழக்கு. வயிற்றுக்குள் இருந்தது கணக்கிலேயே வரவில்லை. டச்சுக்காரனின் பஞ்சம் நரம்பியல் ஆயிற்று. நம்முடையது கும்மிப்பாட்டும் ஒப்பாரியும் ஆயிற்று. பதிவேடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கே உயிரியலும் வாய்க்கிறது என்று இதை வாசிக்கலாம்.

*

பிறகு ஸ்கேன் வந்தது. வெட்டாமல், கொல்லாமல் பார்க்கும் வழி. ஆனால் மதுரை மாவட்டத்தில் அது என்ன நேரத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். 1986-ல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகளை எழுதியது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம். 1994-ல் ‘கருத்தம்மா’வும் வந்தது, கருவில் பால் அறிவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. கள்ளிப்பாலைப் பற்றி நகரம் அதிர்ச்சியடைந்துகொண்டிருந்தபோதே அந்த வேலையைக் கை படாமல் செய்யும் கருவி நகரத்துக்கு வந்துவிட்டது. கள்ளிப்பால் ஊட்டிய கிழவி காட்டுமிராண்டி. ஸ்கேன் எடுத்துக் கலைத்தவர் நடுத்தர வர்க்கம். மூளையைக் காட்டிய அதே அலைதான் ‘அதை’யும் காட்டியது.

அதனால் இன்று எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது, அது குற்றம் என்று தமிழில் ஒரு பலகை இருக்கும். சட்டம் உள்ளூர் மொழியில் வைக்கச் சொல்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்த இடத்தில் பெண்ணை நோக்கி முழுதாகத் தமிழில் எழுதப்பட்ட வாக்கியம் பல சமயம் அந்த ஒன்றுதான். அரசு அவளிடம் தமிழில் பேசுவது அவளைக் குற்றவாளியாக யூகிக்கும்போது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருபதாவது வாரம் எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அண்ணே, நீங்க படிச்சவுகல்ல. வெண்ட்ரிக்கிள்னு போட்டு ஏழு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கே, பிள்ளைக்கு மூளையில ஓட்டையாண்ணே?” ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டதற்கு டாக்டரைப் பாரு என்றிருக்கிறார்கள், டாக்டர் ‘நார்மல்’ என்று ஒரு சொல்லோடு அடுத்த சீட்டைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. “ஓட்டையில்ல தங்கச்சி, எல்லாருக்கும் உள்ள அறைதான் அது, அதுல தண்ணி இருக்கும். பத்து மில்லிமீட்டருக்குள்ள இருந்தாப் போதும். ஒனக்கு ஏழுதான?” என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாயிற்று? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை ஒதுக்கும் எண்ணம் அந்த அமைப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நரம்பணுக்கள் பிறந்த அந்தச் சுவர் சூழ்ந்த அறையின் அகலத்தைத்தான் அந்தத் தாளில் அளந்திருந்தார்கள் என்பதையும் நான் சொல்லியிருக்கலாம். அவள் அதற்குள் கிளம்பிவிட்டாள், அடுப்பில் பால்.

*

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் ‘தரணி’ என்ற பெயரில் மனிதக் கருமூளையின் முப்பரிமாண வரைபடத் தொகுதியை வெளியிட்டது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த வேலை. 14-லிருந்து 24 வாரம் வரையிலான ஐந்து மூளைகள், 5132 சீவல்கள், ஒவ்வொன்றும் செல் தெரியும் நுணுக்கத்தில். மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் ஒத்துழைப்பு. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆய்வாளர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆலன் மூளை வரைபடத்துக்கு ஆன தொடக்கச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றார்கள். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். கட்டுரைகளை வெளியிட்ட ‘ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி’யின் ஆசிரியர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல், மூளையைக் கரைத்துச் சூப்பாக்கி எண்ணி, மனித மூளையில் நூறு பில்லியன் அணுக்கள் என்ற பழைய கட்டுக்கதையை 86 பில்லியனுக்கு இறக்கியவர். புறணிக்கு அதில் 16 பில்லியன்தான்.

நாளிதழ்கள் உலகிலேயே முதல்முறை என்று எழுதின. பெருமைப்படுவதில் தப்பில்லை. பால்டிமோருக்கும் சென்னைக்கும் நடுவே ஒப்புதல் படிவமும் நெறிமுறைக் குழுவும் வந்துவிட்டன, பெண்ணிடம் கேட்கிறார்கள். ஐந்தாம் மாதத்தில் எதையோ இழந்துவிட்டுப் படுத்திருக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட ஐந்து பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் எந்தச் செய்தியும் எழுதவில்லை. அவர்கள் பெயர் வேண்டாம், வெளியிடவும் கூடாது. அவர்களுடைய கையெழுத்தால் உண்டானது இது என்று ஒரு வரி எழுதலாம்.

ஒரு மாலை முழுக்க அந்தச் சீவல்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதாச் சாயத்தில் புள்ளி புள்ளியாக அணுக்கள், விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு. அதற்குக் கீழே வெளிறிய அகன்ற பட்டை, சாரப் படலம். பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில். கிறீன் இருந்தால் மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் தமிழில் தேடு என்று ஆரம்பித்திருப்பார். ‘சப்பிளேட்’ என்று அவர்கள் குறித்திருப்பதற்கு ‘கீழ்த்தட்டு’ என்று நேராகச் சொல்லிவிடலாம். எனக்குச் ‘சாரம்’ பிடித்திருக்கிறது. கொத்தனாரும் சித்தாளும் நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். தத்துவக்காரர்களின் சாரத்தோடு குழம்பும்தான், குழம்பட்டும். புறணியே இங்கே கோளோடு குழம்பிக்கொண்டுதானே இருக்கிறது.